தன் கட்டுரையைத் தானே தோற்கடித்தவர்

செய்தியைக் கொண்டு வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். ஓசூரிலிருந்து வந்த வண்டி கிருஷ்ணகிரியில் நின்றதும், படியில் நின்றபடியே என்னைப் பார்த்து, "சார், உங்க ஆரோக்கியசாமி இஞ்சினியர் விடியக்காலம் தவறிட்டாருங்க. மாரடைப்பாம். வீட்டாண்ட ஒரே கூட்டம்," என்றார். நான் செய்த முதல் காரியம் அவரைத் திட்டியதுதான். "யாரை யாருன்னு சொல்ற? நல்லா விசாரிச்சுட்டுப் பேசுய்யா. போன சனிக்கிழமை எங்கூட சண்டை போட்ட மனுஷன் அவர்!" என்று கத்தினேன். சண்டை போட்டவர் அதற்குள் சாக மாட்டார் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஆனால் எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. கண்டக்டர் பாவம், திரும்பும் பயணத்துக்கு எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதே வண்டி திரும்பும்போது ஏறி ஓசூர் போனேன்.

திரு. ஆரோக்கியசாமி அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் ஓசூர்ப் பக்கத்து ஏரிகளைக் கவனித்துவந்த பொறியாளர். என் வயதுதான். என்னைவிடக் கறுப்பு, என்னைவிடப் பொறுமை. எங்கள் பொறியாளர் சங்கத்தின் மண் கரைப் பிரிவில் நாங்கள் இருவரும் உறுப்பினர்கள். சங்கத்துக்குத் தலைமையிடம் மதராஸ். சாலைக்கு ஒரு பிரிவு, மின்சாரத்துக்கு ஒரு பிரிவு, கட்டடத்துக்கு ஒரு பிரிவு என்று பெரிய பெரிய பிரிவுகள் உண்டு. மண்ணால் கட்டும் கரைகளுக்கென்று இருந்த எங்கள் பிரிவு மிகச் சிறியது. ஒரு ஜமுக்காளத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிடலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரிப் பயணியர் விடுதியில் கூடுவோம். எங்கள் பிரிவு ஏற்றுக்கொண்ட திட்டத்துக்குத்தான் ஜில்லா போர்டு இந்தப் பக்கம் மண் வெட்ட அனுமதி தரும். ஆகையால் ஜமுக்காளம் சிறியதானாலும் அதன்மேல் பேசிய பேச்சு சிறியதல்ல.

அங்கே வேலை நடக்கும் முறையைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாகும். உறுப்பினர் யாராவது ஒரு கட்டுரை எழுதினால், செயலாளர் ராகவேந்திர ராவ் அதை டைப் அடித்து, பெயரை எடுத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்புவார். எழுதியவர் மேலதிகாரியாக இருந்தால் கீழே உள்ளவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதற்காக அந்த ஏற்பாடு. கூட்டத்தன்று ஒவ்வொருவரும் தம் பெயரைச் சீட்டில் எழுதி ஒரு டம்ளரில் போடுவோம். யார் பெயர் வருகிறதோ அவர்தான் அன்றைய எதிர்ப்பாளர். மனத்துக்குள் கட்டுரை பிடித்திருந்தாலும் அவர் எழுந்து நின்று அதைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். அரைமனதாக எதிர்த்தால் அடுத்த மூன்று கூட்டங்களுக்கு வாக்கு கிடையாது. எழுதியவர் வாக்கெடுப்புக்கு முன் தம்மைக் காட்டிக்கொண்டால் கட்டுரை தள்ளுபடி. வாக்கு முடிந்த பிறகே ராவ் பெயரைச் சொல்வார்.

இவ்வளவு விதி போட்டவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. எழுதியவர் பெயரே டம்ளரிலிருந்து வந்தால் என்ன செய்வது?

உத்தனப்பள்ளிக்கு அப்பால் ஒரு சிற்றூரின் ஏரிக் கரை முந்தைய மழையில் உடைந்து போயிருந்தது. தண்ணீர் எல்லாம் ஓடிப்போய், ராகி காய்ந்து, கிணறுகளும் அடி தெரியக் கிடந்தன. அந்தக் கரையை உள்ளூர்ச் செம்மண்ணும் ஏரி வண்டலும் கலந்து எழுப்பலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சீட்டு எடுத்தோம். ஆரோக்கியசாமி அவர்களின் பெயர் வந்தது. ராவ் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். வெயிலில் வந்ததால் தலை சுற்றுகிறதோ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆரோக்கியசாமி அவர்கள் எழுந்தார். முதலில் தயங்கினார். பிறகு பிடித்தார் பாருங்கள்! "இதை எழுதினவர் கரைமேல நடந்தவரா, நாற்காலியில சாஞ்சவரான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. பழைய கல் மதகு கரைக்குள்ள போகுதே, கல்லும் மண்ணும் எங்க ஒட்டும்? அந்த இடுக்குல தண்ணி விரலை விடும். அப்புறம் கையை விடும். அப்புறம் ஊரே போகும். மதகைப் பத்தி ஒரு வரி இல்லையே, ஏன்? மறந்துட்டாரா, மழுப்பிட்டாரா?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எழுதிய மகானுபாவர் யாரோ, நம் நடுவில் உட்கார்ந்து நெளிகிறார் என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். வாக்கெடுப்பில் எல்லாக் கைகளும் எதிராக உயர்ந்தன. அவர் கையும் உயர்ந்தது.

பிறகு ராவ் கட்டுரையாளர் பெயரைப் படித்தார். ஆரோக்கியசாமி! எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் கோபம், யார்மேல் கோபம் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ராவ்மேல் பாய்ந்தேன். "அய்யய்யோ, நான் ஏனு மாட்லி, நான் என்ன செய்ய? அவர் சீட்டை மட்டும் எடுத்துப் போட்டிருந்தா, எழுதினது அவர்தான்னு காட்டிக் கொடுத்த மாதிரி ஆகுமே!" என்று அவர் கன்னடமும் தமிழுமாக அழாக்குறையாகச் சொன்னார். அதுவும் நியாயம்தான். எங்கள் பிரிவில் எல்லாமே நியாயம்தான். அதனால்தான் ஒன்றும் விளங்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் அவரைப் பிடித்தேன். "உங்களுக்குப் பைத்தியமா? கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கலாமே!" என்றேன்.

"எதிர்க்கச் சொன்னீங்க, எதிர்த்தேன்," என்றார்.

"நீங்க சொன்னதை நீங்களே நம்புறீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"பேச ஆரம்பிக்கிறப்ப நம்பலீங்க. பேசி முடிக்கிறப்ப நம்பிட்டேன். இப்ப டீ குடிச்சதும் மறுபடி சந்தேகமா இருக்கு."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதனோடு என்ன பேசுவது? நான் என் டம்ளரைக் கடகடவென்று குடித்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினேன்.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? முனிரெட்டி என்ற விவசாயி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கே வந்துவிட்டார். அன்று வேறு வேலையாக நானும் அங்கே பொறியாளர் அலுவலகத்தில் இருந்தேன். ஆரோக்கியசாமி அவர்கள் மறைக்கவில்லை. "எழுதினதும் நான்தான், வேணாம்னதும் நான்தான்," என்றார். முனிரெட்டிக்குக் கண் கலங்கியது. "ஏமி சார் இது! நீங்களே எழுதி நீங்களே அழிக்கிறதுக்கு ஒரு ஆபீஸா? இந்த வருசமும் ஏரி நெறையலைன்னா நாங்க பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கினு பெங்களூருல கல்லு ஒடைக்கத்தான் போவணும்," என்றார். ஆரோக்கியசாமி அவர்கள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மழைக்குள்ள கரை நிக்கும் ரெட்டி. நின்னா நிக்கணும், அவ்வளவுதான்," என்றார். அவர் ஒரு விஷயத்தை ஒரே பக்கமாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

கட்டுரையைத் திருத்தி எழுதினார். மதகைச் சுற்றிக் களிமண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துவது, கரையின் அடியில் கசிவு வெளியேற ஜல்லி வடிகால் போடுவது என்று புதிதாகச் சேர்த்தார். இப்போது யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். ஆகவே பெயர் மறைக்கும் விதியை இந்த ஒரு தடவை தள்ளிவைத்தோம்; அவர் சீட்டுப் போடவில்லை, வாக்கும் போடவில்லை. எதிர்ப்பாளராக வந்தது என் பெயர். விடுவேனா? முதல் கூட்டத்துக் கோபம் முழுவதையும் அதில் கொட்டினேன். வடிகாலை அடித்தேன், களிமண்ணை அடித்தேன், கரைச் சரிவை அடித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், பதில் சொன்னார். கட்டுரை ஜெயித்தது. கோடையில் வேலை தொடங்கி, மாடு கட்டி உருளை இழுத்து, ஆடி முடிவதற்குள் கரை எழும்பிவிட்டது.

இனி அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டு, "அன்னிக்கு நல்லாத்தான் எதிர்த்தீங்க. ஒரே ஒரு ஓட்டையை மட்டும் விட்டுட்டீங்க," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஓட்டை?"

"நான் சொன்னா அது என் எதிர்ப்பு ஆயிடும். நீங்களே தேடுங்க."

"கரை எழும்பி நிக்குது. மழை தலைமேல நிக்குது. இப்ப ஓட்டைங்கிறீங்களா? விளையாடுறீங்களா?"

"விளையாடலீங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் விளையாட்டு மாதிரியும் இருந்தது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பெட்டியில்தான் பார்த்தேன்.

இறந்த வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனவன், அவருடைய மனைவி லூர்து அம்மாளிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "அம்மா, அந்த ஏரியைப் பத்தி ஏதாவது சொன்னாருங்களா?" அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "அவர் எந்தப் பக்கம் பேசுறாருன்னு கல்யாணம் ஆன நாளா எனக்கே தெரியாதுங்க. பெரிய பொண்ணுக்கு வரன் வந்தப்போ, மாப்பிள்ளை வேணாம் வேணாம்னு ஒரு வாரம் பேசினாரு. நான் அழுது, சண்டை போட்டு, அந்தப் பையன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அப்புறம் சொல்றாரு, 'எனக்கும் அவனைத்தான் பிடிச்சிருக்கு. உனக்கு எவ்வளவு பிடிச்சிருக்குன்னு பார்த்தேன்'னு. இப்ப நான் யாரோட சண்டை போடுவேன்?" என்றார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கல்லறையில் மண் போடும்போதுகூட, ஆண்டவர் மன்னிக்கட்டும், என் மனம் ஜெபத்தில் இல்லை. மதகா, வடிகாலா, சரிவா என்று ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளே மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. வரைபடத்தை விரித்து வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஓட்டையும் தெரியவில்லை, ஓட்டை இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. முனிரெட்டியின் முகம் கண்ணிலேயே நின்றது. இனி வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, காலையில் குடையை எடுத்துக்கொண்டு ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து, உத்தனப்பள்ளியில் இறங்கிச் சேற்றில் நடந்தேன்.

கரைமேல் ஏறியதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதகுக்கு அருகில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராகவேந்திர ராவ்! அந்தக் கோடியில் ஒரு குடை, கரைச் சரிவில் இரண்டு குடைகள். எங்கள் பிரிவே அங்கே நனைந்துகொண்டிருந்தது.

"நீங்க எங்கே இங்கே?" என்றேன்.

ராவ் கூச்சத்தோடு நிமிர்ந்தார். "போன மாசம் எங்கிட்ட சொன்னார், 'ராவ், டைப் அடிக்கிறப்ப ஒரு ஓட்டையைக் கவனிக்காம விட்டுட்டீங்க'ன்னு. எதுன்னு கேட்டா சொல்லல. மழை பிடிச்ச இந்த மூணு நாளா தூக்கம் இல்ல, சார்."

சரிவில் நின்றவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் அதே கதை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ஒவ்வொரு நாளில், அதே ஓட்டைப் பேச்சு! ஒருவர் சரிவு என்கிறார், ஒருவர் வடிகால் என்கிறார். அந்த மழையில் நின்றுகொண்டு எது உண்மையான ஓட்டை என்று எங்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. முனிரெட்டி ஆட்களோடு ஓடி வந்தார். "எல்லா இஞ்சினியரும் வந்து நிக்கிறீங்களே! சாமி, கரைக்கு என்னா ஆச்சு?" என்று நடுங்கினார். அவர் பயந்தது பத்தாதென்று நாங்கள் முழித்த முழியில் இன்னும் பயந்தார்.

அப்போதுதான் கரையின் அடிப்பக்கத்திலிருந்து ராவ் கத்தினார். வடிகாலில் வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குச் சற்றுத் தள்ளி, புல்லுக்கடியில், கலங்கலாக ஒரு கசிவு. மண்ணைத் தின்றுகொண்டு வரும் தண்ணீர்தான் அப்படிக் கலங்கும். ஏரியின் உள்பக்கம் இறங்கித் துழாவினோம். ஒரு நண்டு வளை. புதுசு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வளை வாய்க்காலாகியிருக்கும். முனிரெட்டியும் ஆட்களும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று களிமண்ணையும் வைக்கோலையும் திணித்து மிதித்தார்கள். நாங்கள் கூடை கூடையாக மண் சுமந்தோம். என் வாழ்நாளில் அன்றுபோல் நான் மண் சுமந்ததில்லை. கசிவு மெல்லத் தெளிந்தது, பிறகு நின்றது.

நண்டு அந்த வளையைத் தோண்டியது மழைக்குப் பிறகு. அவர் எங்களிடம் சொன்னது மழைக்கு முன். அப்படியானால் அவர் சொன்ன ஓட்டை இது இல்லை. வேறு ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? அல்லது ஒன்றுமே இல்லாமல் எங்களை இழுத்துவிட்டாரா? கரைமேல் உட்கார்ந்து எல்லோரும் பேசிப் பார்த்தோம். ஒருவர் அழுதார். ஒருவர் அவரைத் திட்டினார். நான் இரண்டையும் செய்தேன்.

பிற்பகலில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர், அது வெளியேறவென்றே கட்டியிருந்த கல்வரிசைமேல் ஏறி வழிந்தது. ஊரே ஓடிவந்து வேடிக்கை பார்த்தது. பெண்கள் தண்ணீருக்கு மஞ்சளும் குங்குமமும் போட்டார்கள். முனிரெட்டி என்னிடம் வந்து, "அவரு இதைப் பார்க்கலையே சார்," என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியசாமி அவர்களே, ஓட்டை எது என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. அது உங்கள் தப்பு, அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். அன்று பொழுது சாய்ந்த பிறகும் எங்களில் ஒருவர்கூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. மழை விட்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாகக் குனிந்து, உங்கள் கரையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.