கல்யாணத்துக்குக் கழற்றி வைத்த கழுத்துப்பட்டை

கோயமுத்தூரில் ஒரு எழவுக்குப் போய்விட்டு என் அண்ணனுடைய அம்பாசிடரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்சீட்டில் நான் ஒருத்திதான். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டியை நிறுத்தி இஞ்சினையும் அணைத்தாகிவிட்டது. நான் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு மாருதி கார் எங்கள் வண்டியில் டமாரென்று மோதியது. என் தலை பின்னால் போய் முன்னால் வந்து விழுந்தது, ஈரத்துணியை உதறுகிற மாதிரி.

இறங்கி வந்த ஆளைப் பார்த்தால், என் பிறந்த வீட்டுக்குப் பங்காளி. பக்கத்து ஊரில் லேத் பட்டறை வைத்துப் பெரிய மனுசன் ஆனவர். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவர். அவர் முதலில் குனிந்து பார்த்தது தன் காரின் மூக்கை. விரலால் தடவிப் பார்த்தார். எச்சில் தொட்டும் தடவினார். அதற்கப்புறம்தான் எங்கள் பக்கம் வந்தார்.

"அடடே, அக்காங்களா! ஒண்ணும் ஆகலீங்கல்ல?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி."

அந்த நேரத்துக்கு ஒன்றும் இல்லைதான். கேட் திறந்தது, வீட்டுக்கு வந்தோம், சோறு உண்டேன், படுத்தேன். விடிந்து பார்த்தால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கையால் தலையைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியதாயிற்று. சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். நீவ நீவ வலி தோள்பட்டைக்கு இறங்கியது. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்துக்குள் நரம்பும் சதையும் இழுபட்டிருக்கிறது என்று சொல்லி, கெட்டியான ஒரு பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். மாதக்கணக்கில் போட வேண்டும் என்றார். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாது. ஆளே மொத்தமாகத் திரும்ப வேண்டும், மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி.

பட்டறைக்காரர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். என் அண்ணன் அவரிடம் சொன்னார்: "காருக்கு இன்சூரன்ஸ் இருக்குதல்ல? நீங்க இடிச்சது உண்மைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கம்பெனி குடுத்துட்டுப் போகுது. உங்களுக்கு என்னங்க?"

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நான் பொம்பளைய இடிச்சேன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கறதுங்களா? அதும் பங்காளி ஊட்டுப் பொம்பளைய? என்ற மரியாதை என்னாகறதுங்க?"

அவர் மரியாதை ஒரு தட்டில், என் கழுத்து ஒரு தட்டில். எது கனம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்போதுகூட நான் கேஸுக்குப் போயிருக்க மாட்டேன். அப்புறம் பால் சொசைட்டியில் நாலு பேர் முன்னால் அவர் பேசிய பேச்சு என் காதுக்கு வந்தது. "எருமை கறந்து கறந்து தேஞ்ச கழுத்து. என்ற காரு தொட்டதும் வலி வந்துருச்சாமா." பொய்க்காரி என்று சொல்லிவிட்டார். நான் வலிக்காக வக்கீலிடம் போகவில்லை. அந்தப் பேச்சுக்காகப் போனேன்.

நடுவில் ஒரு கல்யாணம் வந்தது. பட்டறைக்காரருடைய அண்ணன் மகனுக்கு. எங்கள் பக்கத்தில், எழுதிங்கள் என்கிற சீரைப் பிறந்த வீட்டார் செய்து வைத்த பெண்தான் கல்யாணச் சீர்களுக்குக் கை வைக்க முடியும். அவளை அருமைக்காரி என்போம். நான் அருமைக்காரி. கார் இடிப்பதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டார், நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

கிளம்பும்போது பட்டையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? போட்டுட்டுப் போ."

"மணவறையில மாட்டுக்குக் கட்டுன மாதிரி பட்டையோட நிக்கச் சொல்றீங்களா? கலியாணப் பையன் தலைக்கு நான் கை வெக்கோணும். நோவுக்காரி கை வெச்சான்னு யாரும் சொல்லிரக்கூடாது."

சிவப்புச் சோற்றை உருண்டை பிடித்து மாப்பிள்ளையையும் பொண்ணையும் சுற்றி இரண்டு பக்கமும் எறிகிற சீர் ஒன்று இருக்கிறது. கண்ணேறு கழிப்பதற்கு. குனிந்து நிமிர்ந்து கையை வீசிச் செய்ய வேண்டும். செய்தேன். ஒவ்வொரு நிமிர்வுக்கும் கண்ணில் நீர் முட்டியது. புகை என்று நினைத்திருப்பார்கள். பந்தியில் பட்டறைக்காரர் பக்கத்தில் வந்து, "அக்கா, கழுத்து இப்ப நல்லாருக்குதுங்களா?" என்று இளித்தார். கல்யாண வீட்டில் போய் வலியைச் சொல்லுவார்களா? "நல்லாருக்குதுங்க" என்றேன். வீடியோக்காரன் எங்களுக்கு நேராக லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வீடியோ கேசட் கோர்ட்டுக்கு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் டிவியும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து ஜட்ஜ் ஐயா முன்னால் போட்டுக் காட்டினார். முதலில் மாப்பிள்ளை முகம் ஒரு இதயத்துக்குள், பொண்ணு முகம் இன்னொரு இதயத்துக்குள், பின்னால் சினிமாப் பாட்டு. யாரோ சிரித்தார்கள். அப்புறம் நான் வந்தேன், கழுத்தில் பட்டை இல்லாமல், குனிந்து, நிமிர்ந்து, சோற்றை வீசிக்கொண்டு.

"இது யாரும்மா?"

"நானேதானுங்க."

"கழுத்துப்பட்டை எங்க?"

"ஊட்டுல கட்டில் மேலீங்க."

"திருப்பவே முடியாத கழுத்தை வெச்சுட்டு எப்படிம்மா இவ்வளவு வேலை செஞ்சீங்க?"

"வலியோடதானுங்க செஞ்சேன்."

"வலியோட இப்படியெல்லாம் செய்ய முடியுமா?"

"உங்க ஊட்டுல புள்ள பெத்தவிய இருப்பாங்கல்லங்க. போய்க் கேட்டுப் பாருங்க."

ஜட்ஜ் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் விடுகிற ஆளாக இல்லை. அருமைக்காரி என்றால் கூலி வாங்குவீர்களா, எருமை கறப்பதை நிறுத்தினீர்களா என்று தோண்டிக்கொண்டே இருந்தார். அடுத்து பட்டறைக்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் செய்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"லேசாத் தட்டுச்சுங்க, அவ்வளவுதான். கலியாணத்துல நானே கேட்டேனுங்க. நல்லாருக்குதுன்னு அக்காவே அவுங்க வாயால சொன்னாங்க."

நான் மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை எடுத்து என் கழுத்திலேயே சுருக்குப் போட்டார். அன்றைக்குத்தான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். இந்த ஆள் வாயாலேயே என் வலியைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

தீர்ப்பு வந்தது. டாக்டர் சாட்சியையும் எடுத்த படத்தையும் ஜட்ஜ் ஐயா நம்பினார். அடிபட்டது உண்மை என்றார். ஆனால் கல்யாணத்தில் குனிந்து நிமிர்ந்ததற்காக, வர வேண்டிய நஷ்டஈட்டுப் பணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் கூட என்னிடம், "அந்த ஒரு நாள் பட்டையோட போயிருக்கலாமேம்மா" என்றார். போயிருக்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

ஜெயித்ததும் சொந்தக்காரர்கள் வாய்க்கு வேலை கிடைத்தது. கோர்ட்டுப்படி ஏறினவள், பங்காளி மேலேயே கேஸ் போட்டவள். யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சீருக்கு அழைப்பது நின்றுபோனது, அவ்வளவுதான்.

அப்புறம் பட்டறைக்காரர் மகளுக்கே கல்யாணம் வந்தது. பத்திரிகை மட்டும் கொடுத்தார்கள். சீருக்கு வெள்ளகோவில் பக்கமிருந்து வேறு ஒரு அருமைக்காரியைக் கொண்டுவந்திருந்தார்கள். போக வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் போனேன். பட்டையை மாட்டிக்கொண்டு, முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா பாவம், புதுசாக எழுதிங்கள் செய்துகொண்டவள் போலிருக்கிறது. சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் எறிவது என்று தெரியாமல் இடமும் வலமும் பார்த்தாள். ஒரு உருண்டை பொண்ணு மடியிலேயே விழுந்தது. பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பட்டறைக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வந்து எடுத்துக் குடுங்க. கோவத்த மனசுல வெச்சுக்காதீங்க."

"எனக்கென்னங்க கோவம்? நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. என்ற கழுத்துல வலி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். வலி இல்லை என்று அவர் சொன்னால் என்னை எழுந்து வரச் சொல்லலாம். ஆனால் என் கழுத்தில் பட்டை இருந்தது, அதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து அவர் சம்சாரம் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்குதுங்க அக்கா" என்றார்.

"எதனால வந்துதுங்க?"

"என்ற காரு இடிச்சதுலதானுங்க."

"அப்பறம் வலிக்காரிய எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க? போயி விருந்தாளிகளக் கவனியுங்க."

நான் எழவில்லை. அந்த வெள்ளகோவில் அம்மா எப்படியோ சமாளித்து முடித்தாள். தாலி கட்டினதும் நான் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கினேன்.

அந்தப் பெண் நன்றாகத்தான் வாழ்கிறாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் அப்பன் எதிரே வந்தால் இப்போதும் அக்கா என்பார். எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை.