கம்பெனி ஆளா, எங்க ஆளா?

போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ராஜமணியிடம் யாராவது, "ஒங்க மககிட்ட யார் யாரு வந்து போறாக?" என்று வாயைக் கிளறினால், ஆணி நிறுப்பதை நிறுத்தாமலே, "எனக்கே தெரியாதுய்யா. கேட்டும் பாத்துட்டேன், சொல்ல மாட்டேங்குறா" என்பார். குறைபட்டுக்கொள்வது போலத்தான் சொல்வார். முகம் மட்டும் பூரித்திருக்கும்.

மகள் ஜெபஷீலா உளவியல் ஆலோசகர். மதுரையில் படித்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, சின்னமனூரில் மருந்துக்கடை மாடியில் அறை எடுத்து உட்கார்ந்தாள். முதல் மாதம் வந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவர் கண் டாக்டர் என்று நினைத்துப் படியேறியவர்.

மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து அழைப்பு வந்தது அதற்கடுத்த வருடம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் அடுத்தடுத்து இரண்டு பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு நாள் மேலே வந்து தொழிலாளர்களோடு பேச வேண்டும் என்றார் மேலாளர் மதன்குமார். ஜெபஷீலா ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போனாள். தொழிலாளர்கள் சொல்வது எதுவும் நிர்வாகத்துக்குத் தரப்படாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும், காப்பாற்றத் தேவையானவர்களிடம் தேவையான அளவு சொல்லப்படும். மதன்குமார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

குழந்தைகள் காப்பகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் வந்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், அட்டைக்கடியைப் பற்றிப் பேசினார்கள், எழுந்து போனார்கள். ஐந்து வியாழக்கிழமை இப்படியே கழிந்தது. ஆறாவது வாரம் பஞ்சம்மாள் என்ற ஐம்பது வயதுக்காரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஆத்தா, நீ கம்பெனி ஆளா, எங்க ஆளா?"

"கம்பெனி கூப்பிட்டுத்தான் வந்தேன்க்கா. சம்பளமும் அவுகதான் தாராக. ஆனா நீங்க சொல்றது இந்தக் கதவத் தாண்டாது."

"கம்பெனி ஜீப்புல வந்து எறங்குறவ வேற எப்படிச் சொல்லுவா?" என்று சேலையை உதறிக்கொண்டு பஞ்சம்மாள் போய்விட்டாள்.

ஜெபஷீலாவுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. அடுத்த வாரம் ஜீப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் இடுப்பெலும்பு நோக மலையேறினாள்.

அன்றைக்கு மதன்குமார் ஆபீசுக்குக் கூப்பிட்டார். டீ வந்தது. கணக்கர் பாண்டியராஜன் பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். சூப்பர்வைசரப் பத்தி யார் யார் குறை சொல்றாங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும். பேரு மட்டும் போதும்."

"பேரும் தர முடியாது சார். யார் வந்தாக, யார் வரலைன்னுகூடச் சொல்ல முடியாது."

"சம்பளம் நாங்க குடுக்குறோம்."

ஜெபஷீலா பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதை அப்போதுதான் படித்தார். காது சிவந்துவிட்டது.

"அப்படின்னா நீங்க இனிமே வர வேண்டாம்."

ஜெபஷீலா ஒப்பந்தத்தை மடித்தாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சரிங்க சார். ஆனா திடுதிப்புன்னு நிறுத்தக் கூடாது. இங்க வர்றவுககிட்ட நானே சொல்லணும், இனிமே எங்க போகலாம்னு வழி காட்டணும். ரெண்டு வாரம் குடுங்க."

மதன்குமார் தலையசைத்தார். சாயங்காலத்துக்குள் பாண்டியராஜன் வாயிலாக, அவள் பேர் தர மறுத்த விஷயம் லயன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த வியாழன் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அறை வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். முதலில் பஞ்சம்மாள். கதவைச் சாத்திவிட்டு முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்பது ஜெபஷீலாவுக்கு மட்டுமே தெரியும்.

அந்த வரிசையை மதன்குமாரும் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார். இரண்டு வாரம் முடிந்தது, மூன்றாவது வாரமும் அவள் வந்தாள். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவரே சின்னமனூர் அறைக்குப் படியேறி வந்தார்.

"மேடம், நீங்கன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். எனக்கு ஒரு..."

"சார், அதச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்." அவளுக்கு உள்ளே பெருமை பொங்கத்தான் செய்தது. தன்னை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தவரே நம்பி வந்திருக்கிறார். ஆனாலும் நிறுத்தினாள். "ஒங்ககிட்ட வேல பாக்குறவுக எங்கிட்ட வர்றாக. நீங்களும் இங்கன உக்காந்தா, ரெண்டு பக்கத்துக்கும் நான் நேர்மையா இருக்க முடியாது. தேனியில எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆலோசகர் ஒருத்தர் இருக்காரு, ஈஸ்வரபாண்டின்னு. இப்பவே போன் போட்டு நேரம் கேக்குறேன்."

"கேளுங்க மேடம்" என்றார் மதன்குமார். தேனிக்குப் போனாரா, என்ன ஆயிற்று என்று அவளும் விசாரிக்கவில்லை, ஈஸ்வரபாண்டியும் சொல்லவில்லை.

போன மாதம் மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது நிர்வாகம் அல்ல, கொழுந்து பறிக்கும் பெண்கள். கீழே முப்பத்தெட்டு கையெழுத்து, நடுநடுவே கைநாட்டு. "எங்க கம்பெனியில ஆலோசகரா யாரையோ போடப் போறாகளாம். எங்களுக்கு நீங்கதான் வேணும்" என்று எழுதியிருந்தது.

ஜெபஷீலா அதை இரண்டு தரம் படித்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்றாம் தரமும் படித்தாள்.