தொண்ணூற்று நாலில் செத்தவர்கள்

அமரவிளை ரோட்டோரத்தில் சாயாக்கடை நடத்திய ரத்னபாயும், சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஆனந்தபாயும் ஒரே சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டவிளைகளில் வளர்ந்தவர்கள். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்று நாலில், அதாவது 1918-ல், விஷக்காய்ச்சல் வந்தபோது இருவருடைய அப்பாக்களும் ஒரே வாரத்தில் இறந்தார்கள். சிறுமிகள் இருவருக்கும் அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

ஆனந்தபாயின் அப்பா மாசிலாமணி, சபை உபதேசியார். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். ரத்னபாயின் அப்பா வேதமுத்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர். காய்ச்சலில் செத்தவர்களைத் தொட ஊர் பயந்தபோது அவர்தான் ஒற்றை ஆளாகத் தூக்கிப் போய் அடக்கினார். உபதேசியாருக்கும் அவரே வெட்டினார். அதோடு வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் குழி வெட்டியவர்களுக்கு அந்த வேலை பழக்கமில்லை. ஆழம் போதாமல் நாய் தோண்டிவிடுமோ என்று ரத்னபாயின் அம்மா கல் சுமந்து வந்து மேலே அடுக்கினாள்.

ஊர் நினைவில் வைத்துக்கொண்டது உபதேசியாரைத்தான். சபையின் ஆண்டுநாளில் அவர் பெயரைச் சொல்லும்போது எல்லாத் தலைகளும் ஆனந்தபாய் பக்கம் திரும்பும். ரத்னபாய் அந்த நேரம் வேதப்புத்தகத்தைப் புரட்டுவாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. ஆனந்தபாய்க்கு வாத்தியார் மாப்பிள்ளை வந்தபோதும், ஓட்டுவீடு கட்டியபோதும் ரத்னபாயின் நெஞ்சு எரிந்தது. ரத்னபாயின் புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்து, அவள் மரச்சீனிக் கிழங்கு அவித்து விற்றுப் பிழைக்க வேண்டி வந்தபோது ஆனந்தபாய்தான் முதலில் அரிசியோடு வந்தாள். அது இன்னும் எரிந்தது.

மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் சூடுபிடித்த 1954-ல், பாறசாலையில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. இங்கே தமிழர் வேரூன்றி இருந்தவர்கள் என்று காட்ட, தொண்ணூற்று நாலில் மறைந்த தமிழ்ப் பெரியவர்களை மேடையில் நினைவுகூர வேண்டும் என்பது ராபின்சனின் யோசனை. அவன் போராட்டக்காரர்களில் ஓடியாடி வேலை செய்தவன். உபதேசியார், ஏடு பார்த்து மருந்து கொடுத்த செல்லப்பன் வைத்தியர், பள்ளிக்கூடத்துக்கு விளையைக் கொடுத்த குமாரதாஸ், இந்த மூன்று பேர் என்று முடிவாயிற்று.

கூட்டத்துக்குச் சாயா சொல்ல வந்த ராபின்சனை ரத்னபாய் நிறுத்தினாள்.

"மக்கா, எங்க அப்பனும் அந்தக் காய்ச்சல்ல போனவருதான்."

"தெரியும் அக்கா. நல்ல மனுஷன் ஆக்கும். ஆனா மேடையில என்னண்ணு சொல்லது? தமிழுக்கு அவரு என்ன செய்தாரு?"

"மண்ணு வெட்டுனாரு. நீங்களும் மண்ணுக்குத்தானே சண்டை போடுறிய?"

ராபின்சன் தலையைச் சொறிந்தான். "பாக்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

கூட்டத்தன்று ரத்னபாய் மேடைக்குப் பின்னால் சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பெயர்தான் சொன்னார்கள். உபதேசியாரின் மகள் என்று ஆனந்தபாயை மேடையில் உட்கார்த்தி மாலை போட்டார்கள். முன்வரிசைப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ரத்னபாயின் கையில் கொதித்த பால் கொட்டியது. அவள் துடைக்கக்கூட இல்லை.

மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்தார்கள். மேடையில் மாலை போட்டுக்கொண்டு இருந்த பெண்ணின் வீடு எது என்று மலையாளத்தில் கேட்டார்கள். கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் தெரியாது என்று தலையாட்டினார்கள். ரத்னபாய் கரண்டியை நீட்டினாள்.

"அதோ, ஓட்டுவீடு."

ஆனந்தபாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம்வரை ரத்னபாய்க்கு வேலை ஓடவில்லை. பயமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் இருட்டுவதற்கு முன்பே விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்து ஊரே ரோட்டில் திரண்டது. கோஷம் போட்டு ஆனந்தபாயை வீடுவரை கூட்டிக்கொண்டு போனார்கள். இதுவரை உபதேசியாரின் மகளாக இருந்தவள் இப்போது போலீஸ் கொண்டுபோன ஆனந்தபாய். இத்தனையும் தன் ஒரு கரண்டி நீட்டலால் வந்தது என்று நினைக்க ரத்னபாய்க்கு அழுகை வந்தது. அந்த ஜீப்பில் தன்னை ஏற்றியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆனந்தபாய் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"யாரு காட்டிக் குடுத்ததுண்ணு எனக்குத் தெரியும்டி."

ரத்னபாய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரிஞ்சும் எதுக்கு வந்தே?"

"ஸ்டேஷன்ல அப்பன் பேரு கேட்டான். சொன்னேன். 'ஆரு அது?'ண்ணான். மேடையில அவ்வளவு பேசுனாவ. பத்து மைலுக்கு அங்க அவரை யாருக்கும் தெரியல. எனக்கும் அவரை அவ்வளவு தெரியாது. எப்பவும் ஊர் ஊரா ஜெபக்கூட்டம். உன்னை உங்க அப்பன் தோள்ல வச்சு சந்தைக்குக் கொண்டு போவாரு. முறுக்கு கடிச்சுக்கிட்டு நீ மேல இருந்து என்னைப் பாப்பே. அந்த மூஞ்சியில ஒரு அடி குடுக்கணும்ணு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா?"

ரத்னபாய் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. ஒரு கிளாஸ் கழுவி, சீனி கூட்டிப் போட்டு, சாயா ஆற்றிக் கொடுத்தாள்.

1956-ல் எல்லை பிரிந்தது. அமரவிளையும் பாறசாலையும் கேரளத்தோடு நின்றன. தொண்ணூற்று நாலில் செத்தவர்களைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கூட்டம் போடவில்லை. ஆனந்தபாயின் குடும்பம் எல்லை தாண்டிக் குழித்துறைப் பக்கம் போய்விட்டது.

ரத்னபாய் வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவாள். அங்கே கோடையிலும் வற்றாத கிணறு. வாளியை விட்டதும் தண்ணீர் தட்டுப்படும். தன் வீட்டுக் கிணற்றில் பங்குனி பிறந்தாலே கயிறு போதாது. திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு, சாயா குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் எரிந்து எரிந்து விழுவாள்.