கோதையம்மா கடல் பார்த்த சனிக்கிழமை

சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். அது என் கல்லூரிப் பரீட்சை. முப்பத்தெட்டு வயதில் என்ன கல்லூரி என்று கேட்பவர்களுக்குக் கீழே பதில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே செய்யும் வேலை. இடுப்பு தாங்காமல் விட்டுவிட்டேன். அப்போதுதான் சர்ச் அறிவிப்புப் பலகையில் பொன்னேரிப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றின் நோட்டீஸைப் பார்த்தேன். விருந்தோம்பல், சுற்றுலா மேலாண்மை, ஒரு வருட டிப்ளமோ, வயது வரம்பு கிடையாது. சேர்ந்துவிட்டேன். மேசையில் முள்கரண்டி எந்தப் பக்கம், படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது, கோபமாக வரும் விருந்தாளியிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று ஒரு வருடம் படித்தேன். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் அருள் தடுக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது, "ஊர் சுத்திக் காட்றதுக்கு ஒரு படிப்பா? இன்னா ஸ்டெல்லா இது?" என்று கேட்டுவிடுவார்.

கடைசித் தேர்வு இதுதான்: குறைந்தது எட்டுப் பேருக்கு ஒருநாள் பயணம் திட்டமிட்டு, நாமே வழிகாட்டியாக அழைத்துப் போய்த் திரும்ப வேண்டும். எங்கள் ஆசிரியை வாசுகி மேடம் கூடவே வருவார், வாயே திறக்க மாட்டார், மார்க் மட்டும் போடுவார். நூற்றில் இருபது மார்க் நேரத்துக்கு. மாலை ஐந்து மணிக்குள் கும்மிடிப்பூண்டி திரும்பாவிட்டால் அந்த இருபதும் போச்சு.

பேக்கிங் பிரிவுத் தோழிகள் ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். ஏழாவது, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் வகுப்புத் தோழி பவானியின் அம்மா கோதையம்மா. பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. கடலைப் பார்த்ததே இல்லை. அதற்காகவே முந்தின நாள் பஸ் மாறி மாறி வந்து எங்கள் வீட்டில் தங்கினார். எட்டாவது ஆளுக்கு வெள்ளிக்கிழமை ஜுரம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அருளைக் கெஞ்சினேன். "தெனம் அந்தப் பக்கந்தானே போய் வரேன்" என்று முனகிக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

காலை 8.05க்குக் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில். பொன்னேரிக்கு இருபது நிமிடம், ஐந்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் கூட்டத்தில் டிக்கெட் வாங்கியவர் அருள் மட்டும். தோழிகள் அவரை அதை வைத்தே பழவேற்காடு வரைக்கும் ஓட்டினார்கள். 9.45க்கு இறங்கினோம்.

முதலில் டச்சுக்காரர் கல்லறை. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. வாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். நான் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். நடுக்கம் தீர்ந்து குரல் கொஞ்சம் எழும்பிய நேரம், கோதையம்மா ஒரு சமாதிக் கல்லைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை.

ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். கூட்டத்தை விலக்கி, படுக்க வைத்து, காலை என் பைமேல் உயர்த்தி வைத்தேன். முதலுதவி வகுப்பில் பொம்மைக்குச் செய்தது அப்படியே கைக்கு வந்தது. அவருக்கு நினைவு இருந்தது, பேச்சும் தெளிவாக இருந்தது.

"காலைல இன்னா சாப்ட்டீங்கம்மா?"

"ஒண்ணும் துன்னல. தண்ணியும் குடிக்கல."

"ஏம்மா?"

அருள் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே. வழியில எங்க இருக்குதுன்னு நீ சொல்லல. நா எப்படிக் கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பக்கத் திட்டம் எழுதியிருந்தேன். கிலோமீட்டர் இருந்தது, டச்சுக்காரர்கள் இருந்தார்கள், கழிப்பறை எங்கே என்று ஒரு வரி இல்லை. எட்டு வருடம் கம்பெனியில் பிரேக் கிடைக்காமல் தண்ணீரைக் குறைத்துக் குடித்தவள் நான். எனக்கே அது தோன்றவில்லை.

அருள் அதற்குள் வெளியே போயிருந்தார். எதிர்ச் சந்தில் முதல் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பெண்மணியோடு வந்தார். மும்தாஜ் அக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன். யார் எவர் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. "நாஷ்டா துன்னாம வெயில்ல இட்டாந்துட்டியா? தூக்கு, தூக்கு, ஊட்டுக்கு வா" என்றார்.

அந்த வீட்டில் கோதையம்மாவுக்குக் கழிப்பறை, பாய், மின்விசிறி எல்லாம் கிடைத்தன. என் பையிலிருந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். அக்கா குழைந்த சோற்றில் மோர் ஊற்றித் தந்தார். அரை மணி நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. அக்காவின் வீட்டுக்காரர் சைக்கிளில் போய் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸை அழைத்து வந்தார். பிரஷர் பார்த்த நர்ஸ், பயப்பட ஒன்றுமில்லை, நாலு மணி வரைக்கும் வெயிலில் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் திட்டத்தில் பன்னிரண்டுக்குக் கடல், மூன்றுக்குத் திரும்பும் பேருந்து. நாலு மணிக்கு மேல் கடல் என்றால் இருபது மார்க் இல்லை. பயிற்சி ஹோட்டலில் வேலை பார்த்த மார்க்கும் இந்த நூற்றில்தான் சேரும், அதில் எனக்கு ஏற்கெனவே குறைவு, தேறுவதே இழுபறி. வாசுகி மேடத்தைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா, ஊருக்கே திரும்பிடலாம். என்னால உன் மார்க்கு கெடக் கூடாது" என்றார் கோதையம்மா.

கோதையம்மா பஸ் மாறி வந்தது என் மார்க்குக்காகவா? எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "நாலு மணிக்குக் கடலுக்குப் போறோம். வூடு திரும்ப ஏழு ஏழரை ஆவும். யாருக்காவது கஷ்டம்னா இப்பவே சொல்லுங்க." தோழி தேவிக்கு நைட் ஷிஃப்ட். "ஏழரைக்குள்ள எறக்கி வுட்டுடு, போதும்" என்றாள். அருள் எழுந்து நின்று, சிரிக்காமல், "மேடம், அதுவரைக்கும் நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டார். முதல் தடவையாக என்னை வழிகாட்டியாக மதித்துக் கேட்ட கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, கோதையம்மாவை அக்கா வீட்டிலேயே படுக்க விட்டு, மற்றவர்களை மீன் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். ஒப்பித்தலை விட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்போதுதான் எல்லோரும் கேள்வியே கேட்டார்கள்.

நாலு மணிக்கு மூன்று ஆட்டோ, ஒவ்வொன்றும் போக வர இருநூறு. பாலத்தின் மேல் போகும்போது ஏரியில் தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மணலில் இறங்கியதும் கோதையம்மா என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். கணுக்கால் நனையும் இடத்தில் நின்றார். அலை வந்து வந்து திரும்புவதைப் பார்த்தார்.

"நைனா" என்று அருளைக் கூப்பிட்டார். "இது ராத்திரிகூட இப்டியேதான் வந்துகினு இருக்குமா?"

"ஆமாம்மா."

"அப்ப நாம நாத்து நட்டுகினு இருந்தப்பல்லாம் இது இங்க வந்துகினேதான் இருந்திருக்குது" என்றார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னும் இரண்டடி உள்ளே போனார். தோழிகள் கூச்சல் போட்டபடி பின்னால் ஓடினார்கள்.

5.30க்குப் பேருந்து. 7.10க்குக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம்.

நேரத்துக்குப் பூஜ்யம். மொத்தம் ஐம்பத்தெட்டு, தேர்ச்சிக்கு ஐம்பது. மார்க் தாளின் கீழே வாசுகி மேடம் எழுதியிருந்தார்: "கழிப்பறை எங்கே என்று சொல்லாத திட்டம், திட்டமே இல்லை. ஆனால் உங்களோடு இன்னொரு நாள் பயணியாக வர எனக்கு விருப்பம்." அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேடத்துக்கும், கதவைத் திறந்த அக்காவுக்கும், காத்திருந்த தோழிகளுக்கும் நன்றி சொல்ல இந்தப் பதிவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம், பறவைகளும் இருக்கும். பொன்னேரி ரயில் நிலையத்திலேயே கழிப்பறை போய்விடுங்கள், கடற்கரையில் எதுவும் கிடையாது. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை நிழலில் இருங்கள். படகில் ஏறச் சொல்லி யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம், பாதுகாப்பு இல்லை. அலையில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

போன வாரம் கோதையம்மா போன் செய்தார். அவர் தெருப் பெண்கள் பதினான்கு பேர், வேன் பேசியாகிவிட்டதாம், நான்தான் கூட்டிப்போக வேண்டுமாம். நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினேன். பதின்மூன்றோடு நிறுத்திவிட்டார்.

"இன்னொருத்தர் யாரும்மா?"

"நாந்தான். ஒரு தபா பாத்தா போதுமா இன்னா?"