நூற்று நாற்பதில் நின்ற முள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

முதலில் ஒரு சின்னப் புதிர். ஸ்கூபா டைவர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டர்களில் காற்று நிரப்புவது என் தொழில். எங்களிடம் இருந்த சிலிண்டர்கள் எல்லாமே இருநூறு பார் அழுத்தம் வரை ஒழுங்காக நிரம்பும். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மஞ்சள் சிலிண்டர் மட்டும் நூற்று நாற்பதைத் தாண்டாது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் அங்கே வந்ததும், காற்றை அழுத்தி ஏற்றும் கம்ப்ரெஸரின் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும். புஸ்ஸ்ஸ்... காற்றெல்லாம் வெளியே.

இதில் என்ன புதிர் என்கிறீர்களா? சேஃப்டி வால்வு ரொம்ப எளிய விஷயம். ஒரு ஓட்டை, அதை அடைக்கும் ஒரு மூடி, மூடியை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். குழாயில் இருக்கும் அழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சினால் மூடி எழும்பும். எங்களுடையது இருநூற்று முப்பதில் எழும்ப வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எல்லா சிலிண்டருக்கும் அல்லவா முன்கூட்டியே திறக்க வேண்டும்? குழாயின் மறுமுனையில் எந்த சிலிண்டர் மாட்டியிருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கென்ன கண்ணா இருக்கிறது?

என் மனைவியின் தம்பியிடம் சொன்னேன். கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டும் டைவர் அவன். சிரித்தான்.

"வால்வுக்கு மஞ்சள் கலர் பிடிக்கலை போல, மாமா."

"மெக்கானிக் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் அந்த சிலிண்டரையும் தொடாதே, வால்வையும் தொடாதே."

"நாளைக்குக் காலைல அந்த சிலிண்டர் எனக்கு வேணுமே. அவர் வர்றதுக்குள்ள கப்பலே கிளம்பிடும்."

"தொடாதேன்னா தொடாதே."

"சரி, சரி. உங்க தங்க வால்வை நான் தொடலை."

அன்று மாலை வெளியே போய்விட்டு ஆறரை மணிக்குத் திரும்பினேன். கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது. நிரப்பும் அறை உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. காற்று ஏறும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது என்று அந்த விதியைப் போட்டவனே நான்தான். கதவில் கையகலக் கண்ணாடி. எட்டிப் பார்த்தேன்.

மைத்துனன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இரைச்சலுக்காகக் காதுமூடி மாட்டியிருந்தான். முழங்கால்களுக்கு நடுவே மஞ்சள் சிலிண்டர். வால்வைப் பார்த்தேன். அதன் தலை எழும்பாதபடி மேலே ஒரு இரும்புப் பட்டையை வைத்து, கட்டுக்கம்பியால் குழாயோடு முறுக்கிக் கட்டியிருந்தான்.

முள் நூற்று முப்பதில்.

கதவைத் தட்டினேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுவிட்ச் உள்ளே. தோளால் இடித்தேன். இரும்புக் கதவு. அசையவில்லை.

நூற்று நாற்பது. புஸ் சத்தம் வரவில்லை.

நூற்று ஐம்பது...

அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஏதோ பாட்டு முணுமுணுக்கிறான். வீட்டில் அவன் அக்காவிடம் என்ன சொல்வேன்... என் கைகள் கண்ணாடியில் வழுக்கின.

நூற்று அறுபது.

அப்போது கட்டுக்கம்பியின் முனை அசைந்தது.

மெஷினின் அதிர்வு என்று நினைத்தேன். அதிர்வு என்றால் நடுங்கும். இது சுழன்றது. முறுக்கியதற்கு எதிர்ப்பக்கமாக. ஒரு சுற்று. நின்றது. மறுபடி ஒரு சுற்று...

வால்வின் அருகே யாரும் இல்லை.

பட்டை கீழே விழுந்தது.

புஸ்ஸ்ஸ்ஸ்...

முள் சரிந்தது. மைத்துனன் துள்ளி எழுந்து மெஷினை நிறுத்தினான். கதவைத் திறந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க... வெளியவா இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப என் தோளைப் பிடிச்சு இழுத்தது யாரு?"

அந்த வாரக் கடைசியில் மெக்கானிக் வந்தார். மஞ்சள் சிலிண்டரை அறுத்துப் பார்த்தார். கழுத்தின் உள்பக்கம், வெளியே தெரியாமல், விரல் நீளத்துக்கு விரிசல்.

"இதுல இருநூறு ஏத்தியிருந்தா இந்தச் சுவரே இருந்திருக்காது, தம்பி."

பிறகு வால்வைக் கழற்றினார். புரட்டிப் பார்த்தார். ஸ்பிரிங்கும் மூடியும் துருவேறி ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. சோதனைப் பம்பில் மாட்டி முந்நூறு பார் கொடுத்தார். அசையவே இல்லை.

"இது திறந்து பல வருஷம் ஆயிருக்கும்," என்றார். "திறந்துச்சு, சத்தம் வந்துச்சுன்னு எதைச் சொல்றீங்க?"

புது வால்வு போட்டோம். இருநூற்று முப்பதில் திறக்கிறதா என்று என் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டினார். சரியாகத் திறந்தது. போன மாதம், கைமாறி வந்த ஒரு சிலிண்டரை மாட்டினேன். நூற்றிருபதிலேயே புஸ்ஸ்ஸ்... நான் காரணம் தேடவில்லை. மெஷினை நிறுத்தி, சிலிண்டரைக் கழற்றி, நேரே அறுக்கக் கொடுத்தேன். உள்ளே விரிசல் இருந்தது.

இப்போது எங்கள் முறை இதுதான்: எந்த சிலிண்டருக்கு அந்தச் சத்தம் முன்கூட்டியே வருகிறதோ, அதை நாங்கள் நிரப்புவதில்லை.