வாயில் போட்ட பச்சைக்கல்

தைத்தா மலையடிவாரத்தில், சுரங்கக் கழிவு மேட்டில் பதினோரு வருஷமாகச் சல்லடை ஆட்டுகிறவள் வாவுடா. கோபக்காரி என்று ஊரே சொல்லும். ஏன் வராது கோபம்? போன மாதம் யானை வந்து சோளத்தைத் தின்றதோடு விட்டதா? வீட்டுச் சுவரையும் தள்ளிவிட்டுப் போனது. மூன்று பிள்ளைகளோடு தார்ப்பாய்க்குள் கிடக்கிறாள்.

அந்தச் சுவரை எழுப்பத்தான் என்பதுபோல இன்று சல்லடையில் ஒரு பச்சைக்கல் அகப்பட்டது. நம் கோமேதகத்தின் சாதிதான், நிறம் மட்டும் வேறு. மரகதம்போல எண்ணெய் பூசிச் சிங்காரிக்க வேண்டாம். மண்ணைத் தட்டினாலே மினுக்கும். அவரைக்கொட்டை அளவுதான், ஆனாலும் கை கனக்கும்.

மலெம்பாவின் டீக்கடையில் கல் தரகன் மகங்கா உட்கார்ந்திருந்தான். வாவுடா சல்லடையும் கையுமாக நேராகப் போய்க் கடை ஜன்னல் கண்ணாடியில் கல்லால் ஒரு கீறு கீறினாள். வெள்ளைக் கோடு விழுந்தது.

"பாத்துக்க. அப்புறம் பாட்டில் துண்டுன்னு கதை விடக்கூடாது."

"ஐயோ, என் ஜன்னலு!" என்று அலறினான் மலெம்பா.

"சும்மா இருய்யா. வித்ததும் புதுசு மாட்டித் தர்றேன்."

ஈரமாக்கினால்தான் கல்லுக்குள் விரிசல் தெரியும். அதற்காகத் தரகர்கள் வாயில் போட்டு எடுப்பது இங்கே வழக்கம். மகங்காவும் போட்டான், குதப்பினான், உள்ளங்கையில் துப்பி வெயிலில் பிடித்தான்.

"போம்மா. கண்ணாடி இது. உள்ள குமிழி தெரியுது பாரு."

வாவுடா வாங்கிப் பார்த்தாள். கையில் கனமே இல்லை. உச்சந்தலைவரை எரிந்தது அவளுக்கு. முதல் கோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து அழுத்தித் தேய்த்தாள். வழுக்கியதே தவிரக் கோடு விழவில்லை. கடையிலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறியா? வாயத் தொறடா!"

மகங்காவின் தொண்டை ஏறி இறங்கியதை அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து காட்டினான்.

"எங்க இருக்கு? குப்பை சலிக்கிறவளுக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும்?"

"முழுங்கிட்டியாடா, திருட்டு நாயே!" வாவுடா நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் வந்து நின்றார்கள். "மலெம்பா, இவனுக்கு ரெண்டு தட்டு களியும் அவரையும் வை. பப்பாளியும் அறுத்துப் போடு. எல்லாம் இவன் கணக்குல."

"எதுக்கு?" என்றான் மகங்கா.

"நாளைக்கு நீ எந்தப் புதருக்குப் போனாலும் நானும் கூடவே வருவேன். குப்பை சலிக்கிறவதானே நான்? சல்லடை கையிலயே இருக்கு. தின்னுடா!"

மலெம்பா தட்டைக் கொண்டுவந்து வைத்தான். மகங்கா தலையைக் குனிந்துகொண்டு தின்ன ஆரம்பித்தான்.