சித்திக்குத் தைத்த தாழம்பூச் சடை

அது ஆனியா ஆவணியா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்றும் தகராறு. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடியது. அப்பாவிடம் கேமரா வைத்த செல்போன் புதிதாக வந்திருந்தது. எனக்கு ஏழு வயது. தண்ணீர் ஓடியதால் ஆவணி என்பது என் கணக்கு.

தாழை கடலோரக் கழிகளின் புதர் என்று பிற்பாடு படித்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரைக்கு அது எப்படி வந்தது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பாம்பு இருக்கும் என்று எங்களை அண்டவிடமாட்டார்கள். அன்று காலை பெரியம்மாவே அரிவாளோடு இறங்கிப் பூவை அறுத்து வந்தாள்.

சித்திக்கு வளைகாப்பு. பெற்றவர்கள் போனபின் சித்தியை வளர்த்தது அவளுடைய மூத்த அக்காவான பெரியம்மாதான். முதல் வளையலைத் தன் கையால் போடவேண்டும் என்று கண்ணாடி வளையல்களை அவளே பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். மடல்களின் முள்ளைச் சீவி, மடித்து, வாழைப்பட்டையில் வைத்துச் சடையாகத் தைத்தாள். விரலெல்லாம் கீறல். சித்தி தலையில் அது ஏறியதும் கூடமே மணத்தது.

தொட்டியத்திலிருந்து வந்திருந்த சித்தியின் மாமியார் சடையைத் தடவிப் பார்த்தார்.

“யாரும்மா தச்சது? கடையில கூட இப்படிக் கிடைக்காது.”

“எங்க பெரியக்கா, அத்தை,” என்றாள் சித்தி பெருமையாக.

மாமியார் கையை எடுத்துக்கொண்டார். “அவங்களுக்குக் கொழந்தை இல்லைல்ல? தப்பா நெனைக்காதீங்க. வயித்துப்பிள்ளைக்காரி தலையில வேணாம். மல்லிகைப்பூ இருந்தா வச்சுவிடுங்க.”

சித்தி தலையைக் குனிந்துகொடுத்தாள். அம்மா ஊசிகளைப் பிடுங்கினாள். கழற்றிய சடையைப் பெரியம்மாவே வந்து வாங்கிக்கொண்டு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“திரும்பி நில்லுடி. இது உனக்குத்தான் தச்சேன். சித்தி தலையில வச்சு அளவு பாத்தேன், அவ்வளவுதான்.”

“நெசமாவா?”

“பின்ன? அவளுக்கு எதுக்கு, கெழவிக்கு.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூடத்தில் வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது.

“நீங்க போடப் போகலியா பெரியம்மா?”

“புளிக்காய்ச்சல் அடிப்பிடிச்சிடும். நீ போய் எல்லார்கிட்டயும் காட்டிட்டு வா.”

காட்டினேன். மாமியாரிடமும் காட்டினேன், கன்னத்தைக் கிள்ளி, அழகாயிருக்கு கண்ணு என்றார். அப்பா செல்போனில் படம் பிடித்தார். அன்று அங்கிருந்தவர்களில் என்னைவிடச் சந்தோஷமானவர் எவருமில்லை.

என் முடி தோளைத் தாண்டாது. சடை முழங்கால்வரை தொங்கி நடையில் தட்டியது. அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. இரண்டையும் கண்ணால் பார்த்தேன். அளவு பார்ப்பதில் பெரியம்மா அவ்வளவு கெட்டி இல்லை என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டேன்.